டி அண்ட் டி-யில் மந்திரத்தையும் பொருளையும் சேர்த்து ஆடுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்துக்கு வரும் புதியவர்கள் மந்திரப் பட்டியலைத் திறந்ததும் முதலில் பார்ப்பது டேமேஜ் எத்தனை என்பதைத்தான். எதற்கு அதிக டைஸ் உருட்டலாமோ அதை எடுத்துக்கொள்வார்கள். பையில் இருக்கும் கயிறு, எண்ணெய்க் குப்பி, எஃகுக் கண்ணாடி எல்லாம் கேரக்டர் ஷீட்டின் ஒரு மூலையில் எழுதப்படும். அதற்குப் பிறகு யாரும் அந்த மூலையைப் பார்ப்பதில்லை. தாழ்ந்த லெவல்களில் உங்கள் குழுவைக் காப்பாற்றுவது பல நேரம் அந்த மூலைதான்.

ஆட்டம் 1974-இல் வெளிவந்தது. இப்போது பெரும்பாலான மேசைகளில் ஆடப்படுவது ஐந்தாம் பதிப்பு. அதன் விதிகள் 2014-இல் வந்தன, 2024-இல் திருத்தப்பட்டன. இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் 2014 விதிகளின்படி. புத்தகம் வாங்கும் முன் விதிகளைப் பார்க்க விரும்பினால் எஸ்ஆர்டி 5.1 என்ற தொகுப்பு இலவசம். 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. கீழே வரும் மந்திரங்களில் பெரும்பாலானவை அதிலேயே இருக்கின்றன.

படி 1: டேமேஜை விட்டுவிட்டு மற்ற வரிகளைப் படியுங்கள்

ஒவ்வொரு மந்திரத்துக்கும் மேலே சில வரிகள் இருக்கும்: போட எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் நீடிக்கும். ‘கான்சன்ட்ரேஷன்’ என்று போட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு கான்சன்ட்ரேஷன் மந்திரத்தைத்தான் பிடித்திருக்க முடியும். இரண்டாவதைப் போட்டால் முதலாவது போய்விடும். அடி வாங்கினால் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோ, சுருக்கமாக ‘சேவ்’, போட வேண்டும்; அதாவது பாதிப்பிலிருந்து தப்ப இருபது முக டைஸை உருட்ட வேண்டும். இலக்கு 10 அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது பெரியதோ அது. தோற்றாலும் மந்திரம் போய்விடும்.

ஆசையாகத் திட்டமிட்ட பல சேர்க்கைகள் இந்த ஒரு சொல்லில்தான் அடிபட்டுப் போகும். பொருட்களின் மதிப்பும் இங்கேதான் தெரிகிறது. எண்ணெய்க்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டாம், ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும், எண்ணிக்கை அளவான இருப்பு) வேண்டாம். ஆகவே ஒரு நல்ல சேர்க்கையில் கான்சன்ட்ரேஷன் மந்திரம் ஒன்று, அதோடு கான்சன்ட்ரேஷன் கேட்காத ஏதோ ஒன்று இருக்கும். அந்த இரண்டாவது ஒரு பொருளாக இருக்கலாம், கேன்ட்ரிப்பாக (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) இருக்கலாம், பக்கத்தில் நிற்கும் ஃபைட்டரின் கையாகவும் இருக்கலாம். (ஃபைட்டர், விசார்ட், ரோக், கிளெரிக், ட்ரூயிட், ரேஞ்சர், வார்லாக், பார்ட் எல்லாம் கேரக்டர் வகைகள்.)

இன்னொரு விதியும் உண்டு. டர்ன் என்பது உங்கள் முறை, ஆக்‌ஷன் அதில் செய்யும் முக்கியச் செயல், போனஸ் ஆக்‌ஷன் கூடுதலான ஒரு சிறு செயல். போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டால், அதே டர்னில் ஆக்‌ஷன் நேரம் எடுக்கும் கேன்ட்ரிப்பைத் தவிர வேறு மந்திரம் போட முடியாது. 2024 விதிகளில் இதை மாற்றி, ஒரு டர்னில் ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம் என்று எளிமையாக்கிவிட்டார்கள்.

படி 2: வெப் மந்திரத்தில் பழகுங்கள்

சேர்க்கை கற்றுக்கொள்ள வெப்பைவிட நல்ல மந்திரம் எனக்குத் தெரியவில்லை. மந்திரங்களுக்கும் தனியாக லெவல் உண்டு; இது விசார்ட் தன் மூன்றாம் லெவலில் எடுக்கக்கூடிய இரண்டாம் லெவல் மந்திரம். 60 அடி தூரத்துக்குள் 20 அடிப் பக்கமுள்ள கனசதுரத்தில் ஒட்டும் வலை நிரம்பும். இரண்டு சுவர்களுக்கோ மரங்களுக்கோ நடுவில் போடுங்கள், அல்லது தரையில் படர விடுங்கள். பிடிப்பு இல்லாமல் வெட்டவெளியில் போட்டால் வலை சரிந்து உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்போது முடிந்துவிடும். உள்ளே டர்ன் தொடங்குபவர்களும், தங்கள் டர்னில் உள்ளே நுழைபவர்களும் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் போட வேண்டும். தோற்றால் ‘ரெஸ்ட்ரெயின்ட்’ நிலை: நகர முடியாது, அவர்கள் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ், அவர்களைத் தாக்குபவருக்கு அட்வான்டேஜ், அவர்களுடைய டெக்ஸ்டெரிட்டி சேவ்களுக்கும் டிஸ்அட்வான்டேஜ். அதாவது இருபது முக டைஸை இரண்டு தடவை உருட்டி, அட்வான்டேஜுக்குப் பெரியதை எடுக்கிறோம், டிஸ்அட்வான்டேஜுக்குச் சிறியதை எடுக்கிறோம்.

விளக்கத்தின் கடைசியில் வலை தீப்பிடிக்கும் என்று ஒரு வரி இருக்கிறது. புதியவர்கள் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கோப்ளின்கள் மாட்டியதும் உடனே ஒரு தீப்பந்தத்தை எறிவார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். நெருப்புப் பட்ட ஐந்தடிக் கட்டம் ஒரு ரவுண்டில் (எல்லோருக்கும் ஒரு டர்ன் வரும் சுற்று) எரிந்து போகும். அந்த நெருப்பில் டர்ன் தொடங்குபவருக்கு 2டி4 டேமேஜ், அதாவது நான்கு முக டைஸ் இரண்டு, சராசரி 5. அந்த 5-க்காக ஒரு மணி நேரம் வரை நீடிக்கக்கூடிய கட்டை நீங்களே அவிழ்த்து விடுகிறீர்கள். பெரும்பாலான நேரம் இது நஷ்ட வியாபாரம்.

வலையை எரிக்காமல் என்னென்ன செய்யலாம் என்று யோசியுங்கள். வில் வைத்திருப்பவர் வெளியே நின்று அட்வான்டேஜோடு எய்யலாம். அட்வான்டேஜ் இருந்தால் ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் டேமேஜ் கிடைக்கும். கிளெரிக்கிடம் சேக்ரட் ஃபிளேம் கேன்ட்ரிப் இருந்தால் இன்னும் நல்லது. பெயரில் தீ இருந்தாலும் அது தருவது ரேடியன்ட் டேமேஜ், ஆகவே வலை எரியாது. அதைத் தடுக்க எதிரி போட வேண்டியது டெக்ஸ்டெரிட்டி சேவ், அதுவும் இப்போது டிஸ்அட்வான்டேஜோடு. ஸ்லாட் செலவே இல்லாமல் ஒவ்வொரு டர்னும் இதைச் செய்துகொண்டிருக்கலாம்.

எண்ணெய் எப்போது? ஒரு குப்பி விலை ஒரு வெள்ளிக் காசு. ஒரு தங்கக் காசுக்குப் பத்து. 20 அடி வரை எறியலாம். பட்டவர் மேல் எண்ணெய் ஒரு நிமிடம் ஈரமாக இருக்கும்; அதற்குள் ஏதாவது நெருப்பு டேமேஜ் வாங்கினால் கூடுதலாக 5. தரையில் ஊற்றிக் கொளுத்தினால் ஐந்தடிச் சதுரம் இரண்டு ரவுண்டு எரியும். அதற்குள் நுழைபவருக்கும் அதில் டர்ன் முடிப்பவருக்கும் 5 டேமேஜ். ஆகவே வலையிலிருந்து பலர் தப்பிக்கத் தொடங்கிவிட்டார்கள், விசார்டும் அடி வாங்கிக் கான்சன்ட்ரேஷனை இழக்கும் நிலையில் இருக்கிறார் என்றால், அப்போது கொளுத்துங்கள். எப்படியும் போகப்போகிற வலைதானே. எண்ணெயில் நனைந்தவருக்கு 2டி4-ஓடு இந்த 5-உம் சேரும். சாதாரணக் கோப்ளினுக்கு இருப்பது சராசரி 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி)தான்.

படி 3: வரிசையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்

இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசையை முடிவு செய்யும் டைஸ்) உருட்டிய பிறகு யார் முந்தி வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. ஐந்தாம் பதிப்பில் டர்னைத் தள்ளிப்போட வழியும் கிடையாது. ரெடி ஆக்‌ஷன் மட்டும் உண்டு: ‘விசார்ட் வலை போட்டதும் நான் எய்வேன்’ என்று சொல்லி வைக்கலாம், அது நடக்கும்போது உங்கள் எதிர்ச்செயலான ரியாக்‌ஷன் செலவாகும். அம்புக்கு இது சரிவரும். மந்திரத்தை ரெடி செய்வதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பதற்கே கான்சன்ட்ரேஷன் வேண்டும், அதனால் ஏற்கெனவே பிடித்திருந்த மந்திரம் கலைந்துவிடும்.

சேர்க்கையின் எந்தப் பாதி முதலில் வந்தாலும் தனியாகவே பயன்பட வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வலை மட்டும் விழுந்தாலும் நல்லது. எதிரி மேல் எண்ணெயை மட்டும் ஊற்றிவிட்டு, தீ வைக்க வேண்டியவர் மயங்கி விழுந்துவிட்டால் ஒரு ஆக்‌ஷன் வீண்.

படி 4: தள்ளுவது, இழுப்பது

ட்ரூயிடுக்கும் ரேஞ்சருக்கும் ஸ்பைக் குரோத் என்ற இரண்டாம் லெவல் மந்திரம் இருக்கிறது. 20 அடி ஆரத்துக்குத் தரையில் முள் முளைக்கும். அதில் நகரும் ஒவ்வொரு ஐந்தடிக்கும் 2டி4 டேமேஜ். சேவ் கிடையாது. விளக்கத்தில் எதிரி தானாக நடக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே இழுத்தாலும் தள்ளினாலும் கணக்குத்தான்.

தார்ன் விப் கேன்ட்ரிப் 30 அடிக்குள் இருப்பவரை அடித்து உங்கள் பக்கம் 10 அடி இழுக்கும். பத்தடி முள்ளில் இழுத்தால் 4டி4, சராசரி 10. சாட்டையின் 1டி6 தனி. இதை ஒரே ட்ரூயிட் தனியாகச் செய்யலாம், ஏனென்றால் தார்ன் விப்புக்குக் கான்சன்ட்ரேஷன் இல்லை. பக்கத்தில் ஒரு வார்லாக், ரிப்பெல்லிங் பிளாஸ்ட் என்ற திறமையை எடுத்தவராக இருந்தால் ஒவ்வொரு எல்ட்ரிச் பிளாஸ்ட் கதிரும் பத்தடி தள்ளும். ஐந்தாம் லெவலில் கதிர்கள் இரண்டு. இரண்டும் பட்டால் இருபது அடி, 8டி4. மந்திரமே தெரியாத ஃபைட்டர்கூட ஷவ் செய்து ஐந்தடி தள்ளலாம்.

இதே போல எல்லா இடத்திலும் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒருவரைத் தள்ளினால் அதற்கு ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (எதிரி பக்கத்தைவிட்டு விலகும்போது கிடைக்கும் அடி) கிடைக்காது; விதியிலேயே அப்படிச் சொல்லியிருக்கிறது. வெப்பில் ‘தன் டர்னில் நுழைந்தால்’ என்று இருக்கிறது, ஆகவே உங்கள் டர்னில் ஒருவரை வலைக்குள் தள்ளினால் உடனே சேவ் இல்லை, அவருடைய டர்ன் தொடங்கும்போதுதான். ‘நகர்ந்தால்’, ‘நுழைந்தால்’, ‘டர்ன் தொடங்கினால்’, ‘டர்ன் முடித்தால்’ — நான்கும் நான்கு விதம். இந்த நான்கில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 5: எதிரியின் பொருளும் பொருள்தான்

இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு ஒருவன் வருகிறான். பார்டோ ட்ரூயிடோ ஹீட் மெட்டல் போடுகிறார்கள். கவசம் பழுக்கச் சூடாகி 2டி8 டேமேஜ், அதற்கும் சேவ் கிடையாது. அடுத்த டர்ன்களில் போனஸ் ஆக்‌ஷன் செலவழித்தால் திரும்பவும் 2டி8. கையில் உள்ள வாள் என்றால் கீழே போட்டுவிடலாம். கவசத்தை எப்படிக் கீழே போடுவது? ஹெவி ஆர்மர் கழற்ற விதிப்படி 5 நிமிடம் ஆகும். மந்திரமே ஒரு நிமிடம்தான் நீடிக்கும்.

பலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். விளக்கத்தில் அடுத்து வருவதையும் படியுங்கள்: அந்தப் பொருளை விட முடியாதவனுக்கு உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்வரை அட்டாக்குக்கும் எபிலிட்டி செக்குக்கும் (திறமையைச் சோதிக்கும் உருட்டல்) டிஸ்அட்வான்டேஜ். ஒருவர் பிடித்த பிடியிலிருந்து விடுபடுவது எபிலிட்டி செக். ஆகவே உங்கள் ஃபைட்டர் போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் அவன் ஓடவும் முடியாது, மந்திரம் போட்டவரை நெருங்கவும் முடியாது. ஆனால் விளக்கத்தில் ‘அந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் எவருக்கும்’ என்று இருக்கிறது. கட்டிப்பிடித்த ஃபைட்டருக்கும் சுடுமா? சில டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) சுடும் என்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மந்திரவாதி எதிரிக்கும் இதே உத்தி. கிளெரிக் சைலன்ஸ் போட்டால் 20 அடி ஆரத்துக்குள் சத்தமே இருக்காது. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய மந்திரங்களைப் போட முடியாது. சும்மா விட்டால் அவர் நடந்து வெளியே வந்துவிடுவார். உள்ளேயே ஒருவர் பிடித்து நிறுத்த வேண்டும்.

படி 6: கடைக்குப் போகும்போது

முதல் லெவலில் கையில் காசு இருந்தால் இவற்றை வாங்கி வையுங்கள்: எண்ணெய் ஐந்து குப்பி, 50 அடிக் கயிறு, ஒரு பை பால் பேரிங், எஃகுக் கண்ணாடி, கொஞ்சம் சாக்பீஸ். கண்ணாடிதான் விலை, 5 தங்கக் காசு. கயிறும் பால் பேரிங்கும் ஆளுக்கு ஒரு தங்கக் காசு.

பால் பேரிங்கைக் கொட்டினால் பத்தடிச் சதுரம் நிரம்பும். அதில் வேகமாக வருபவர் டெக்ஸ்டெரிட்டி சேவில் 10 எடுக்காவிட்டால் விழுந்துவிடுவார். பாதி வேகத்தில் நடந்தால் சேவ் வேண்டாம். கிரீஸ் மந்திரமும் இதைத்தான் செய்கிறது, கொஞ்சம் கடுமையாக. அதற்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டாம் என்பதால் வாசலில் கிரீஸ், உள்ளே வலை என்று ஒரே விசார்ட் இரண்டு டர்னில் போட்டுவிடலாம். விழுந்து கிடப்பவரைப் பக்கத்தில் நின்று அடித்தால் அட்வான்டேஜ், தூரத்தில் இருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ். குழுவில் வில்லாளிகள் அதிகம் என்றால் கிரீஸ் உங்களுக்கே எதிரி.

கிரீஸ் எரியுமா என்று ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் கேட்பார். 2014 விளக்கத்தில் எரியும் என்று சொல்லவில்லை. 2024-இல் எரியாது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். எத்தனை பேர் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருப்பார்கள்!

கண்ணாடியை எதற்கு வாங்கச் சொன்னேன் தெரியுமா? மெடூசாவின் பார்வை பட்டால் கல்லாகிவிடுவீர்கள். 30 அடிக்குள் பளபளப்பான ஒன்றில், நல்ல வெளிச்சத்தில், தன் உருவத்தைப் பார்த்தால் அந்தச் சாபம் அவளுக்கே திரும்பும். ‘நல்ல வெளிச்சத்தில்’ என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். மெடூசாக்கள் இருப்பதோ இருட்டுக் குகையில், பாழடைந்த மண்டபத்தில். அங்கே வெறும் கண்ணாடி உதவாது. லைட் கேன்ட்ரிப்பை அவளுக்குப் பக்கத்துத் தூணிலோ, ஒரு கல்லில் போட்டு அவள் காலடியிலோ கொண்டுவந்துவிட்டால் 20 அடிக்கு வெளிச்சம். அப்புறம் கண்ணாடியைத் தூக்கிக் காட்டலாம். 5 காசுச் சாமானும் ஒரு கேன்ட்ரிப்பும் போதும்.

சண்டைக்கு வெளியே

எனக்குப் பிடித்த சேர்க்கைகள் இங்கேதான் இருக்கின்றன. அன்சீன் சர்வன்ட் ஒரு முதல் லெவல் ரிச்சுவல். பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கினால் ஸ்லாட் செலவில்லாமல் ஒரு மணி நேரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வேலையாள் கிடைக்கும். அதால் தாக்க முடியாது. ஆனால் அது செய்யும் வேலைகளின் பட்டியலில் தீ மூட்டுவதும் இருக்கிறது. மேஜ் ஹேண்ட் விளக்கத்தில் குப்பியில் உள்ளதை ஊற்றலாம் என்று இருக்கிறது. ஒன்று எண்ணெயை ஊற்ற, மற்றது பற்றவைக்க, நீங்கள் எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் தெரியாதவர்போல் காவலரோடு பேசிக்கொண்டிருக்கலாம். மந்திரம் போடுவதையும் கட்டளை சொல்வதையும் அவர் கவனிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

டார்க்னஸ் மந்திரத்தை ஒரு கூழாங்கல்லில் போட்டு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஒளி புகாத பொருளால் முழுவதும் மூடினால் இருள் வெளியே வராது. தேவைப்படும்போது திறந்தால் 15 அடி ஆரத்துக்கு, இருட்டில் பார்க்கும் இனங்களுக்குக்கூடத் தெரியாத இருட்டு. டெவில்ஸ் சைட் என்ற திறமையை எடுத்த வார்லாக்குக்கு மட்டும் அதற்குள் கண் தெரியும். ஆகவே அவர் கொண்டாட்டமாகச் சண்டை போடுவார், மற்ற மூன்று பேர் தடவிக்கொண்டு நிற்பார்கள். தனியாகத் தப்பி ஓட இது நல்லது. குழுவோடு நிற்கும்போது டப்பாவை மூடியே வையுங்கள்.

கோபுரத்திலிருந்து குதிக்க ஃபெதர் ஃபால்: ரியாக்‌ஷனிலேயே ஐந்து பேர் வரை மெதுவாக இறங்கலாம். இம்மூவபிள் ராட் என்ற மந்திரக் கோல் கிடைத்தால் பொத்தானை அழுத்திய இடத்தில் அந்தரத்தில் நிற்கும், 8,000 பவுண்டு தாங்கும். கயிறு கட்ட ஆணி தேட வேண்டியதில்லை.

டிஎம்-மிடம் எதை, எப்போது கேட்பது

விதியில் நேராக எழுதியிருப்பதைக் கேட்க வேண்டியதில்லை, செய்யலாம். எழுதாததை, சண்டைக்கு முன்பே கேளுங்கள். உதாரணமாக கேட்டபல்ட் மந்திரம் ஐந்து பவுண்டு வரை எடையுள்ள பொருளை வீசி 3டி8 டேமேஜ் தரும். வீசுவது ஆல்கமிஸ்ட்ஸ் ஃபயர் குப்பியாக இருந்தால் உள்ளே இருக்கும் நெருப்பும் சேருமா? விளக்கத்தில் இல்லை. 50 தங்கக் காசுக் குப்பியை எறிந்த பிறகு ‘இல்லை’ என்று கேட்பதைவிட முன்பே கேட்பது மேல்.

‘பெசன்ட் ரெயில்கன்’ என்று ஒன்று பிரபலம். ஆயிரக்கணக்கான கிராமத்தாரை வரிசையில் நிறுத்தி, எல்லோரும் ரெடி ஆக்‌ஷனில் ஒரு கம்பைக் கைமாற்ற வேண்டும். ஒரு ரவுண்டு ஆறு விநாடி என்பதால் கம்பு நம்ப முடியாத வேகத்தில் போகிறதாம், கடைசி ஆள் எறிந்தால் எதிரி சின்னாபின்னமாம். கைமாற்றுவது வரை விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எறியும்போது மட்டும் இயற்பியல் புத்தகத்துக்குத் தாவுகிறது இந்த வாதம். விதிப்படி எறிந்த கம்புக்கு 1டி4தான்.

வேலை செய்தும் செய்யக்கூடாதவை என்று சில உண்டு. ஒருவர் எக்ஸாஷன் (களைப்பு) ஏற்றும் சிக்கனிங் ரேடியன்ஸ் மந்திரத்தைப் போட, இன்னொருவர் அதன்மேல் வால் ஆஃப் ஃபோர்ஸ் என்ற மந்திரச் சுவரைக் கவிழ்த்தால், டெலிபோர்ட் செய்யவோ அந்தக் கூரையை உடைக்கவோ தெரியாத எதிரி உள்ளேயே வெந்து சாவான். எக்ஸாஷன் ஆறு படி ஏறினால் மரணம், எத்தனை ஹிட் பாயின்ட் இருந்தாலும். விதி அனுமதிக்கிறது. ஆனால் மேசையில் மீதி இருப்பவர்கள் கைகட்டிச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை செய்து பாருங்கள், ரசியுங்கள், அடுத்த வாரம் வேறு ஏதாவது போடுங்கள். நீங்கள் விடாமல் செய்தால் டிஎம்மின் வில்லனும் அதையே உங்கள் மேல் போடுவான், அதில் தப்பில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அடுத்த ஆட்டத்துக்கு முன் உங்கள் மந்திரங்களில் கான்சன்ட்ரேஷன் உள்ளவற்றை ஒரு அட்டையின் இடது பக்கம் எழுதுங்கள். இல்லாதவற்றையும் கேன்ட்ரிப்களையும் பையில் உள்ள சாமான்களையும் வலது பக்கம். இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று கோடு போட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்காருபவரின் வலது பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.